பச்சைப் பென்சிலில் அடித்த இரண்டு வரி

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகமாக இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போதுதான் தான் ஒருத்தி இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்தவுடன் என் முதல் நினைப்பு. மாப்பிள்ளையின் இருமல் நின்றதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை, ஆகவே நிற்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வெந்நீர் குடிக்கச் சொல், கேட்கமாட்டார் என்றால் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள், உன் அப்பாவை நான் அப்படித்தான் குடிக்க வைப்பேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தேனே, பிளம்பர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார், இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா புதிய மிஷின் வாங்கியிருக்கிறாள், பழையது என் தலைக்கு மேல் ரயில் ஓடுவதுபோல் இருக்கும், இது பூனை நடப்பதுபோல் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ரயில்தான் பிடித்திருந்தது, நீ எங்கோ பக்கத்தில்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் கடிதம் போன மாதக் கடைசியில் வந்தது. அதில் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது, வழக்கம்போல் அவற்றை எழுதி உன்னை நோகடிக்கப் போவதில்லை, ஏன் என்று மேலே படித்தால் தெரியும். சின்னவள் வேதியியல் படிக்க ஆரம்பித்துவிட்டாள், அயனியின் மின்சுமையைப் பார்த்து அந்தத் தனிமம் அட்டவணையில் எந்தத் தொகுதி என்று கண்டுபிடிக்கும் பாடம் வந்தது, உடனே நீ அப்பாவின் கதையைச் சொன்னாய், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அன்றிலிருந்து சுவரில் இருக்கும் அவர் படத்தைப் பார்த்து ‘துத்தநாகத் தாத்தா’ என்கிறாள் என்று எழுதியிருந்தாய். தாத்தா எழுதிய வேதியியல் புத்தகத்தை அவளுக்கு அனுப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம், ஒரு குடும்பத்தில் ஒருத்தி ஏமாந்தது போதும் என்றும் எழுதியிருந்தாய். படித்துவிட்டு நானும் சிரித்தேன். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கதையை நீ அவளுக்கு எப்படிச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், இந்த வீட்டில் இருபத்தெட்டு வருடமாக அதை ஒரே மாதிரிதான் சொல்லி வருகிறோம். பதினேழு வயதில் நீ அந்தப் பெரிய கல்லூரியில் வேதியியல் சேர நேர்முகத்துக்குப் போனாய். எழுத்துத் தேர்வில் மூன்றாவதாக வந்திருந்தாய், நேர்முகம் எல்லாம் ஒப்புக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர், இரண்டு நேர்மின்சுமை உள்ள அயனி, தனிமம் எந்தத் தொகுதி என்று கேட்டார். இரண்டாம் தொகுதி என்றாய். எல்லாமேவா என்றார். எல்லாமே என்றாய். துத்தநாகம் என்றார். அதுவும் இரண்டுதான் என்றாய். எந்தப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது என்று அவர் கேட்க, நீ நிமிர்ந்து உட்கார்ந்து, “எங்க அப்பா எழுதின புத்தகத்துல” என்றாய். அவர்கள் சிரித்ததுகூடப் பரவாயில்லை, அதில் ஒருவர், “அப்ப அப்பாகிட்டயே சேர்ந்துக்கோம்மா, இங்க எதுக்கு வந்தே?” என்றார். இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அப்பா முன்னால் வைத்தாய். அதில் விதி இருந்தது, விதிவிலக்கு இல்லை. அப்பா அந்த ஒரு பக்கத்தை நெடுநேரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, “தப்பு என்மேலதாம்மா” என்றார். எழுதுறதுக்கு முன்னாடி அட்டவணையை ஒரு தடவை பார்த்திருக்கக்கூடாதா என்று நீ கேட்டாய். பார்த்திருக்கணும் என்றார். அந்தப் புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்த நான் ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்து என்ன சொன்னேன் என்பதும் ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. “நான் கமாவைப் பார்ப்பேனா, உங்க கெமிஸ்ட்ரியையும் சேர்த்துப் பார்ப்பேனா?” என்றேன்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. துத்தநாகம் என்று அவருக்குப் பட்டம் கட்டியது நீ இல்லை, நான்தான். ஏதாவது மறந்தால் துத்தநாகம், எதையாவது தொலைத்தால் துத்தநாகம். ஒருமுறை கடையில் துத்தநாகப் பூச்சுப் போட்ட வாளி வாங்கும்போது கடைக்காரர் எதிரிலேயே, “இதாவது எந்தத் தொகுதின்னு தெரியுமா?” என்று கேட்டேன். “பன்னிரண்டு. ஆனா தண்ணி ஒழுகாது” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அடுத்த பதிப்பில் விடுபட்டதை எழுதிச் சேர்த்தபோது, அதற்கும் புரூஃப் பார்த்தது நான்தான், இப்பவாவது புத்தி வந்ததே என்றேன். சரிம்மா என்றார். நீ வேறு படிப்பு படித்து, வேறு ஊர் போய், ரயில் ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு தடவை தொலைபேசியில் பேசும்போதும் உன்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான், வண்டி நேரத்துக்கு ஓடுதா. ஓடுதுப்பா என்று சொல்லிவிட்டு நீ அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாய். அவரும் உடனே கொடுத்துவிடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் முப்பத்தொரு வருடம் புரூஃப் பார்த்த அச்சகக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள், இடிக்கப் போகிறார்கள். இடிக்கட்டும், நல்ல வெளிச்சம் வராத கட்டடம், என் கண்ணாடியின் கனத்தில் பாதி அந்த ஜன்னல்களால் வந்தது. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எட்டுப் புள்ளி இங்கே வந்தார். உனக்கு அவரை நினைவிருக்கும், அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த கம்போசிட்டர், எட்டுப் புள்ளி என்பது பொடி எழுத்தின் அளவு, ஆளும் அதே அளவு, அதனால் அந்தப் பெயர். கையில் கயிறு கட்டிய காகிதக் கட்டு. “சார் எழுதின கைப்பிரதிம்மா. எலி தின்னது போக மிச்சம். குப்பையில போட மனசு வரலை” என்றார். காபி கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் பழக்கதோஷத்தில் கட்டைப் பிரித்துப் புரட்ட ஆரம்பித்துவிட்டேன், ஒன்பதாம் அத்தியாயம் வந்தது, கடைசிப் பத்தியும் வந்தது. அப்பாவின் கையெழுத்தில் இரண்டு வரி. ‘அட்டவணையின் நடுப்பகுதியில் உள்ள உலோகங்களுக்கு இவ்விதி பொருந்தாது. துத்தநாக அயனிக்கும் இரண்டு நேர்மின்சுமைதான், ஆனால் அதன் இடம் பன்னிரண்டாம் தொகுதி.’ அந்த இரண்டு வரியின் மேலும் ஸ்கேல் வைத்து அடித்த கோடு. ஓரத்தில் ‘கூறியது கூறல்’ என்று ஒரு குறிப்பு.

இதை யார் அடித்தது என்று கேட்டேன், என் குரல் எனக்கே அதிகாரமாகத்தான் கேட்டது. எட்டுப் புள்ளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா, அந்த அச்சகத்துல பச்சைப் பென்சில் வச்சிருந்தது யாரு?” என்றார். எல்லோரும் சிவப்பு, நான் மட்டும் பச்சை. என் திருத்தம் இன்னொருவர் திருத்தத்தோடு கலந்துவிடக்கூடாது என்று நானே கேட்டு வாங்கிய பச்சை. அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஒவ்வொன்றாக வந்தது, அதுவும் முழுதாக வரவில்லை. புத்தகம் நூற்று இருபத்தெட்டுப் பக்கத்தில் முடிய வேண்டும், பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரம், எட்டு ஃபாரம். ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு வரி மட்டும் அடுத்த பக்கத்துக்கு வழிந்துவிட்டது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் புதுப் பக்கத்தில் தொடங்குவது எங்கள் வழக்கம், ஆகவே அந்த இரண்டு வரியால் ஒரு பக்கம் கூடி நூற்று இருபத்தொன்பது ஆயிற்று, ஒரு பக்கத்துக்காக ஒன்பதாவது ஃபாரம் ஓட்ட முடியாது. அப்பா தேர்வு மேற்பார்வைக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார். மெஷின் காத்துக்கொண்டிருந்தது. “என்னம்மா பண்றதுன்னு கேட்டேன். நீங்க படிச்சுப் பார்த்துட்டு, இந்த மனுஷன் ஒண்ணையே மூணு தடவை சொல்லுவாருன்னு சொல்லி ஸ்கேலை வச்சு இழுத்தீங்க” என்றார் எட்டுப் புள்ளி. மற்றவர்கள் காய் நறுக்குவதுபோல நான் வரி நறுக்கியவள், இந்த நறுக்கு எனக்கு நினைவில்லை என்பது பொய்யில்லை. ஆனால் நீ அழுதுகொண்டு வந்த அன்றைக்கு, கைப்பிரதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் தொழில். பிழை என்றால் அது அடுத்தவர் வீட்டில்தான் இருக்கும் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கிறேன்.

அப்பா ஒப்பிட்டுப் பார்த்தார். நீ புத்தகத்தை வைத்த மறுநாளே அச்சகத்துக்குப் போயிருக்கிறார், நான் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து. எட்டுப் புள்ளிதான் கட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். “அந்தப் பக்கத்தைப் பார்த்தாரும்மா. ஓரத்துல நீங்க எழுதினதைப் படிச்சுட்டுச் சிரிச்சாரு, சத்தியமாச் சிரிச்சாரு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார்னேன். வேணாம்யா, இங்கேயே கிடக்கட்டும், வீட்ல கூர்மையான கண்ணு ஒண்ணு இருக்குன்னாரு. பொண்ணுகிட்டயாவது சொல்லக்கூடாதான்னு கேட்டேன். பொண்ணுக்கு என்மேல கோபம், ரெண்டு நாள்ல சரியாயிடும், அவங்கம்மா தன்மேலயே கோபப்பட ஆரம்பிச்சா ஆயுசுக்கும் ஆறாதுய்யான்னாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.” இதைச் சொல்லிவிட்டு, சாரும் போய்விட்டார், கட்டடமும் போகப்போகிறது, இனி நான் யாருக்குக் காவல் இருப்பது என்று எட்டுப் புள்ளி என்னையே கேட்டார். இரண்டு நாள் என்று உன் அப்பா போட்ட கணக்கு, அவர் கண்ணை மூடும் வரைக்கும் இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. எனக்குத் தெரிந்து அவர் செய்த தவறு அந்தக் கணக்கு ஒன்றுதான்.

உடனே உனக்கு எழுதினேன் என்று நினைக்காதே. அந்தத் தாளை சமையலறை அலமாரியில் விரித்திருக்கும் காகிதத்துக்கு அடியில் வைத்து, அதன்மேல் டப்பாக்களை அடுக்கினேன். பத்து நாள் அது அங்கேயே இருந்தது. காபித்தூள் எடுக்கும்போதெல்லாம் அது இருக்கும் இடத்தை விட்டு மறுபக்கம் கை நீட்டினேன். எனக்கு வயது எழுபத்தாறு, எட்டுப் புள்ளி வெளியே சொல்லமாட்டார், எலி தின்றதில் இதுவும் ஒன்று என்று இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது, தோன்றவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பிழையாகும். அவர்மேல் கோபமும் வந்தது. பூக்கடை வைக்கலாம்போல அவ்வளவு மணக்கும் மனம், யார் கேட்டார்கள்? நான் வாளிக்கடையில் வைத்துக் குத்திக்காட்டியபோதாவது திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்காமலே என்னை மன்னித்துவிட்டுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சத்தமாகவே சொன்னேன், மாடியிலிருந்து தையல்காரம்மா இறங்கி வந்து, யாரும்மா வந்திருக்காங்க என்று கேட்டாள். யாரும் வரலை, போனவரைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன் என்றேன்.

கான்வென்டில் எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் ஒருவர், மன்னிப்புக் கேட்கிறவள் ‘தவறு நடந்துவிட்டது’ என்று சொல்லக்கூடாது, தவறு தானாக நடந்து வராது, யாராவது கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் என்பார். ஆகவே முழுதாக எழுதுகிறேன். உன் அப்பா சரியாக எழுதினார். நான் அதை அடித்தேன். அடித்ததைச் சரிபார்க்காமல் பழியை அவர்மேல் போட்டேன். நீ அன்று அந்த மூன்று பேர் முன்னால் அவமானப்பட்டது என் பென்சிலால், அவர் பேனாவால் அல்ல. வேதியியலை நீ விட்டது இதனால்தானா என்று நான் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன், பதில் எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம். நீ ரயில் ஓட்டுவதில் எனக்கு முதலில் பெருமை இருக்கவில்லை, என் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடம் ரயில்வேயில் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அப்பாதான் குறுக்கே வந்து, ஓட்டுறா, வண்டியே அவதான் ஓட்டுறா என்பார். இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். அதையும் இந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

சின்னவளுக்குப் பாடம் நடத்த நான் யார், ஆனால் தாத்தா எழுதியது என்ன என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவர் கைப்பிரதியிலிருந்து சுருக்கி எழுதுகிறேன், இந்தத் தடவை ஒன்றையும் வெட்டவில்லை. அயனிக்கு ஒரு நேர்மின்சுமை என்றால் சோடியத்தைப் போல முதல் தொகுதி, இரண்டு என்றால் கால்சியத்தைப் போல இரண்டாம் தொகுதி, மூன்று என்றால் நடுவில் உள்ள பத்துத் தொகுதிகளைத் தாண்டிப்போய் அலுமினியத்தைப் போல பதின்மூன்று. எதிர்மின்சுமை என்றால் பதினெட்டிலிருந்து கழிக்க வேண்டும், குளோரினுக்கு ஒன்று, ஆகவே பதினேழு, ஆக்சிஜனுக்கு இரண்டு, ஆகவே பதினாறு. எத்தனை எலக்ட்ரானைக் கொடுத்தான், எத்தனை வாங்கினான் என்று பார்த்தால் எந்த வீட்டுக்காரன் என்று தெரிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகுதான் நான் அடித்த இரண்டு வரி. அந்த வரிகளுக்குக் கீழே, அச்சுக்கு அல்ல என்று சின்னதாகக் குறித்து, வகுப்பில் சொல்வதற்காக அவர் தனக்கே எழுதி வைத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. ‘நடுத்தெருக்காரர்களை இந்த அளவுகோலால் அளக்காதே. வெள்ளி ஒன்று கொடுக்கும், இருப்பது பதினொன்றில். இரும்பு ஒரு சமயம் இரண்டு கொடுக்கும், ஒரு சமயம் மூன்று, இருப்பது எட்டில். ஓரத்திலும் ஈயம்போல ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கும். கொடுத்ததை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்யாதே, அட்டவணையையும் பார்.’ இதை எழுதியவரைத்தான் அட்டவணையைப் பார்த்தாரா என்று நீயும் நானும் கேட்டோம்.

அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன், உறையைக் கத்தரிக்கோலால் பார்த்து வெட்டு. அனுப்புவதற்கு முன்னால் அதில் ஒரு வேலை செய்தேன், அதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் அடித்துவிட்ட வார்த்தையை மீண்டும் சேர்க்க வேண்டுமானால் புரூஃப் பார்க்கிறவர்கள் அழிரப்பரைத் தொடமாட்டோம், அடித்த வார்த்தைகளுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவோம், எழுத்துக் கோர்ப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். நேற்று மத்தியானம் ஜன்னல் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, பச்சைப் பென்சிலைச் சீவிக்கொண்டு, உன் அப்பாவின் இரண்டு வரிக்கும் கீழே எழுத்துக்கு ஒரு புள்ளியாக வைத்தேன். நான்கைந்து புள்ளி வரிசை தவறியிருக்கிறது, திருத்தவில்லை.

உன் கை ஓட்டும் வண்டியும் உன் வீடும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓட வேண்டும், மாப்பிள்ளைக்கு நல்ல ஆரோக்கியமும் சின்னவளுக்கு நல்ல படிப்பும் நான் இல்லாத நாளிலும் குறையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வெந்நீரை மறக்காதே. இன்னொன்றையும் மறக்காதே, சின்னவளை அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, இந்தத் தாளை அவள் கையில் கொடுத்து, நடந்ததை அப்படியே சொல். தாத்தாவை இனி வெறும் தாத்தா என்று கூப்பிடச் சொல். பட்டம் வைத்துக் கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அது முடியாதே என்று கேட்டாளானால், அந்தப் பட்டத்துக்கு உரியவள் யார் என்பதைக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், காட்டு.

உன் அன்புள்ள அம்மா,
துத்தநாகப் பாட்டி